ஐந்து மணிக்கு ஒரு ரிங்கு

1

போன மாதம் என் மகள் நிலாவின் பள்ளியிலிருந்து ஒரு சீட்டு வந்தது. "உங்களோடு ஒரு விஷயம் பேச வேண்டும். வசதிப்படும் நாளைத் தெரிவிக்கவும்" என்று இரண்டே வரி. இந்த ஊரில் யாரும் யாரையும் சத்தம் போட்டுத் திட்டுவதில்லை. இப்படி இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவார்கள். நான் பிறந்ததிலிருந்தே பயந்த சுபாவம். ஒட்டாவாவுக்கு வந்து ஏழு வருடத்தில் அது இன்னும் நன்றாகத் தேறியிருக்கிறது. பஸ்ஸில் போகும்போதே என் குற்றங்களை வரிசைப்படுத்திக்கொண்டேன். டிபன் டப்பாவில் கருவாட்டு வாசனை. பனிக்கால பூட்ஸ் ஒரு அளவு சின்னது. பெற்றோர் கூட்டத்துக்கு இரண்டு தடவை போகவில்லை.

டீச்சர் தங்கமான பெண். குரலைத் தணித்துக்கொண்டு ஒரு தாளை என் முன் நகர்த்தினார். "என் தாத்தா பாட்டியோடு நான் எப்படிப் பேசுகிறேன்" என்று வகுப்பில் எழுதச் சொல்லியிருக்கிறார். நிலா ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "என் தாத்தா இந்தியாவில் இருக்கிறார். தினமும் எங்களுக்கு போன் செய்வார். நாங்கள் எடுக்க மாட்டோம். நான் ஒருமுறை எடுத்துவிட்டேன். அம்மா திட்டினாள்."

"வீட்டில் ஏதாவது பிரச்சினையா?" என்று டீச்சர் கேட்டார்.

நம் ஊரில் "மிஸ்டு கால் குடு" என்று சொன்னால் பால்காரர் வரைக்கும் புரியும். அவருக்கு அரைமணி நேரம் விளக்கினேன். கடைசியில் அவர் ரொம்ப மரியாதையாக ஒன்று கேட்டார். "எடுக்காமல் விடுவதற்காகவே ஒருவர் போன் செய்வாரா? அதில் செய்தி என்ன இருக்கிறது?" அந்தச் சிறிய நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அவரிடம் சொல்ல முடியாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

2

எங்கள் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். செங்கல்பட்டு தாண்டிப் படாளத்தில், திருச்சி போகிற ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிக் கொஞ்சம் நெல்லும் மணிலாக் கடலையும் போடுகிற நிலம், இரண்டு மாடு, ஒரு ஓட்டு வீடு. அம்மா போன பிறகு தனியாகத்தான் இருக்கிறார். சென்னைப் பக்கம் கேளம்பாக்கத்தில் அண்ணன் இருக்கிறான், அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான். கம்ப்யூட்டர் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்க இரண்டு வேன் ஓட்டுகிறான். நாலாவது மாடியில் வீடு. அங்கே வந்து இருங்கள் என்று அவன் கேட்காத நாளில்லை. நைனா மசியவில்லை.

எங்களுக்குப் பயம் வர ஒரு காரணம் இருந்தது. நைனாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, கடைசிக் காலத்தில் மறக்க ஆரம்பித்தார். முதலில் சாவியை, அப்புறம் சாப்பிட்டதை, அப்புறம் எங்களை. ஒரு நாள் விடியற்காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் நடந்துபோனவரை, அச்சரப்பாக்கம் தாண்டி ஒரு லாரியின் அடியிலிருந்து எடுத்தார்கள். நைனாதான் போய் அடையாளம் காட்டினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது ஒரு பெயரை மறந்தால்கூட யாரும் சிரிப்பதில்லை.

ஆகவே ஒரு ஒப்பந்தம். நைனா தனியாக இருக்கலாம். ஆனால் தினமும் மாலை ஐந்து மணிக்கு, கழனியிலிருந்து திரும்பியதும், வீட்டு போனிலிருந்து ஒட்டாவாவுக்கு ஒரு ரிங்கு விட்டு வைத்துவிட வேண்டும். இங்கே அப்போது காலை ஏழரை. ஒரு ரிங்கு என்றால் நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன் என்று அர்த்தம். விட்டு விட்டு இரண்டு தரம் அடித்தால் நீ கூப்பிடு. ரிங்கே வராவிட்டால் நான் நைனாவை அழைப்பேன். எடுக்காவிட்டால் அண்ணனுக்குச் சொல்வேன், அவன் ஓட வேண்டும். அப்படி அவன் ஓடுகிற நிலை அடிக்கடி வந்தால் நைனா கேளம்பாக்கத்துக்கு வந்துவிட வேண்டும். இது அண்ணன் போட்ட சட்டம்.

"கவுருமெண்டு மாரி ரூலு போட்டுகினு கீறானுங்க" என்று நைனா முணுமுணுத்தார். ஆனால் இரண்டு வருடம் ஒருநாள் தவறவில்லை. காலையில் நான் நிலாவுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கும்போது போன் ஒருமுறை அடித்து ஓயும். "தாத்தா!" என்பாள் நிலா. அவள் வாயில் தமிழாகவே வருகிற சொற்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டு வருகின்றன. அது மட்டும் அப்படியே இருந்தது. நவம்பரில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளும்போது ரிங்கு ஆறரைக்கு வரும். அப்போதும் நான் முன்கூட்டியே எழுந்து அதற்காகக் காத்திருப்பேன்.

3

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நான் பிளஸ் டூ படிக்கும்போது ஜி.எஸ்.டி. ரோட்டோரமாகப் பள்ளம் தோண்டிக் கண்ணாடி இழை கேபிள் புதைத்தார்கள். பள்ளம் எங்கள் கால்வாயை வெட்டிவிட்டது என்று நைனா மண்வெட்டியோடு சண்டைக்குப் போனார். கேபிள் போட வந்த சூப்பர்வைசர் சமாதானத்துக்காக ஒரு துண்டு இழையை எடுத்துக் காட்டினார். தலைமுடியை விட மெல்லிசு.

"இதுல இன்னா போவும்?" என்றார் நைனா.

"வெளிச்சம் போகும், பெரியவரே."

"வெளிச்சமா? மொதல்ல எம் பம்பு செட்டுக்குக் கரண்டு வுடச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அந்தத் துண்டை வாங்கி நோட்டுக்குள் வைத்துக்கொண்டேன். அப்புறம் படித்ததும் அதுதான், பிழைப்பதும் அதில்தான்.

ஒரு இழைக்குள் பல நிற ஒளிகள் போகும். ஒவ்வொரு நிறமும் ஒரு தனிப் பாதை. போன் பேச்சு, மெயில், சினிமா எல்லாம் அதில்தான். பழைய முறையில், உள்ளே போவது என்னவென்று இழைக்கும் தெரியாது, அதை ஓட்டுகிற பெட்டிகளுக்கும் தெரியாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் கரும்பு லாரியும் ஆம்புலன்ஸும் ஒரே வரிசையில் நிற்கிற மாதிரி. நெரிசல் வந்தால் இன்னொரு நிறத்தை ஏற்ற வேண்டும், இன்னும் பெட்டி வாங்க வேண்டும், இன்னும் மின்சாரம் செலவழிக்க வேண்டும். எங்கள் குழு வேறு வழி பார்த்தது. வாசலிலேயே ஒரு பெட்டியை வைத்து, வருவது என்னவென்று பார்த்து வழி விடுவது. பெரிய சினிமா என்றால் நடுவில் எங்கும் நிற்காமல் ஒரே ஒளியில் நேராகப் போகலாம். பேச்சு என்றால் தாமதமில்லாத பாதை. மெயில் என்றால் கொஞ்சம் பொறுத்துப் போகட்டும். இருக்கிற இழையிலேயே நிறைய அனுப்பலாம்.

இதில் போன் பேச்சுப் பகுதி என்னுடையது. அழைப்புப் பட்டியல்களைப் புரட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. யாருமே எடுக்காத அழைப்புகள் ஏராளம். எடுக்காவிட்டாலும் மணியடிக்கிற நேரம் முழுக்க ஒரு பாதை அதற்காகக் காத்துக் கிடக்கிறது. அதிலும் சில, ஒரே எண்ணிலிருந்து ஒரே எண்ணுக்கு, நாள் தவறாமல் வருபவை, மாதக்கணக்கில் எடுக்கப்படாதவை. நான் ஒரு விதி எழுதினேன். நெரிசலான நேரத்தில் இந்த மாதிரி அழைப்புகளை மறுமுனைக்கு அனுப்ப வேண்டாம். அழைத்தவர் விடாமல் முயன்றுகொண்டே இருப்பாரே? அதற்கும் வழி சொன்னேன். அவர் காதில் மட்டும் மணியடிக்கிற சத்தத்தைப் பெட்டியே கொடுத்துவிடும். அங்கே அடிக்கிறது என்று அவர் நினைத்துக்கொள்வார். இந்த யோசனைக்காக என் மேலாளர் கிரெக் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். பட்டியலில் அந்த அழைப்புகளுக்கு "உள்ளடக்கம் இல்லாதவை" என்று நானே தலைப்பு வைத்தேன்.

படாளத்துக்காரி எப்படி இதை எழுதினாள் என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வீட்டில் அது நைனா. ஆபீஸில் அது வீண். இரண்டும் ஒன்றுதான் என்று எனக்கு ஒருநாள்கூட உறைக்கவில்லை. பெட்டியை முதலில் ஏதோ ஐரோப்பியத் தடத்தில் சோதித்தார்கள். பிறகு இந்தியத் தடத்துக்கும் மாற்றுகிறோம் என்று ஒரு மெயில் வந்தது. படித்தேன். நல்லது என்று பதில் போட்டேன்.

4

போன வருடம் ஜூனில் ஒரு திங்கட்கிழமை ஏழரைக்கு ரிங்கு வரவில்லை. ஏழே முக்காலுக்கு நான் அழைத்தேன். நைனா உடனே எடுத்தார்.

"இன்னாமா இந்நேரத்துல?"

"ரிங்கு வர்லியே நைனா."

"வுட்டேனே! இப்பதான் வுட்டுட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டினு கீறேன்."

சரி, லைன் கோளாறு என்று விட்டுவிட்டேன். மறுநாள் வந்தது. அதற்கடுத்த இரண்டு நாள் வரவில்லை. கேட்டால் அதே பதில், "வுட்டேனே." அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அதுதான் எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது. பெரியப்பாவும் சாப்பிடாமலே "சாப்ட்டேனே" என்று இப்படித்தான் அழுத்தமாகச் சொல்வார்.

ஒருநாள் ரிங்கும் இல்லை, அழைத்தால் எடுக்கவும் இல்லை. அண்ணனுக்குச் சொன்னேன். சாயங்கால டிரிப்பை வேறு ஒருவனிடம் ஒப்படைத்துவிட்டு, திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு வந்து படாளத்துக்கு ஓடினான். நைனா பக்கத்துக் கழனியில் பம்பு செட்டை ரிப்பேர் செய்வதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்குடா இப்டி ஓடியார? ரிங்கு வுட்டுட்டுத்தான வந்தேன்?"

"பாப்பா வர்லன்றா நைனா. நீங்க மறந்துட்டீங்க."

"நா மறக்கல."

அந்த மாதம் அண்ணன் நான்கு தடவை ஓடினான். நைனா போன் ஆபீசுக்குப் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். லைன்மேன் வந்து போனைக் கழற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் நல்லாத்தான் கீது பெருசு என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதும் பொய்யில்லை. ஒருநாள் நைனா என்னிடம் சொன்னார்: "அங்க அடிக்கிற சத்தமே மாறிப்போச்சிமா. முன்ன நீட்டா ஒண்ணு அடிச்சி, நின்னு, மறுக்கா நீட்டா அடிக்கும். இப்ப நம்மூரு மாரி ரெட்ட ரெட்டயா அடிக்குது. ஒருநா இப்டி, ஒருநா அப்டி."

நான் இதை ஒரு காகிதத்தில் குறித்து வைத்தேன். "சத்தம் மாறுகிறது என்கிறார்." டாக்டரிடம் சொல்வதற்காக.

அடுத்த மாதம் பதினோராம் தேதி நான் அவரிடம் கத்தினேன். மூன்று நாளாக ரிங்கு இல்லை. நிலாவுக்குக் காய்ச்சல், கிரெக்கிடம் அறிக்கை கொடுக்க வேண்டும். "மறந்துட்டேன்னு ஒத்துக்கினா இன்னா கொறஞ்சி போவுது உங்களுக்கு? வுட்டேன் வுட்டேன்னு ஏன் நைனா சாதிக்கிறீங்க?" என்று கேட்டேன். போனை மெதுவாக வைத்துவிட்டார். அண்ணனுக்குப் போன் செய்து, இனிமேல் அவரைத் தனியாக விட்டு வைக்கக்கூடாது என்று சொன்னது நான்தான்.

5

அண்ணன் அவரைச் செங்கல்பட்டில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், இந்த மூன்று சொற்களைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "நா இன்னா இஸ்கோல் புள்ளயா?" என்று நைனா வாயை மூடிக்கொண்டுவிட்டார். டாக்டர் மேல் தப்பில்லை. வீட்டில் பிள்ளைகள் சொன்னதையும், எதிரில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரையும் வைத்து அவர் ஒரு மாத்திரை எழுதினார்.

மாடுகள் விலைக்குப் போயின. நிலத்தை அந்தப் பருவத்துக்கு வேறொருவர் உழ ஒப்புக்கொண்டார். வீட்டைப் பூட்டுகிற அன்று நைனா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நகரவில்லையாம். அண்ணன் கையைப் பிரித்து எடுத்து வேனில் ஏற்றியிருக்கிறான்.

நான் சும்மா இருக்கவில்லை. அவரைக் கொஞ்ச காலம் இங்கே வைத்துக்கொள்ளலாம் என்று விசா வாங்க அலைந்தேன். விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நைனாவுக்கு இருப்பது ஒரே பெயர். அதையே இரண்டு கட்டத்திலும் எழுதினேன். பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருக்கிறது, இங்கே அப்படி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரி செய்து மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை மறுத்துவிட்டார்கள். காரணங்களின் பட்டியலில் ஒன்றுக்கு எதிரே டிக் போட்டிருந்தது: விண்ணப்பதாரர் தன் நாட்டுக்குத் திரும்பிப் போவார் என்று நம்பிக்கை ஏற்படவில்லை. கேளம்பாக்கத்துக்கே வரமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்ட மனுஷனுக்கு இந்தக் காரணம். அண்ணனிடம் சொன்னபோது இரண்டு பேரும் கொஞ்ச நேரம் சிரித்தோம்.

கேளம்பாக்கம் வீட்டு போனில் வெளிநாட்டுக்கு அடிக்கிற வசதி இல்லை. ரிங்கு நின்றுபோனது. ஏழரைக்கு நிலா போனைப் பார்ப்பாள். "தாத்தா ரிப்பேரா?" என்று ஒருநாள் ஆங்கிலத்தில் கேட்டாள். அப்படிப் பேசாதே என்று அதட்டினேன், அவள் தமிழில் மன்னிப்புக் கேட்கத் தெரியாமல் விழித்தாள். அண்ணன் வாரத்துக்கு இரண்டு முறை தன் செல்போனில் பேசுவான். "மாத்திர போட்டா தூங்கினே கீறாரு பாப்பா. மீதி நேரம் பால்கனில நின்னுகினு ஷேர் ஆட்டோவ எண்ணிகினு கீறாரு. இன்னா கேட்டாலும், எனுக்கு ஒண்ணும் நெனப்பு இல்லடான்றாரு." சண்டை போட்டுக்கொண்டிருந்தவர் இப்போது ஒத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். நான் அன்று கேட்டதும் அதைத்தானே.

6

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோசைக் கல் அடுப்பில் இருந்தபோது, போன் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. மணி ஏழரை.

"தாத்தா!" என்றாள் நிலா.

"இல்லடா. வேற யாரோ. தாத்தா இப்போ மாமா வீட்டுல இருக்காங்க இல்ல?"

அரைமணி நேரத்தில் அண்ணனின் அழைப்பு. "நைனாவக் காணோம் பாப்பா. காலைல டிபன் சாப்ட்டுட்டுக் கீழ போனவரு, இன்னும் வர்ல. மத்தியானத்துலேந்து தேடிகினு கீறேன். உனுக்கு சொல்லிப் பயமுறுத்த வாணாம்னு பாத்தேன்."

அப்புறம் ஒன்றேகால் மணி நேரம். என் கணவர் நிலாவை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் போனின் எதிரே தரையில் உட்கார்ந்திருந்தேன். தோசை கருகிய புகை வீடு முழுக்கப் பரவிப் புகை மணி அலறியது. அதை நிறுத்தக்கூட எழுந்திருக்கவில்லை. ரோட்டோரம் கிடக்கிற வேட்டி கண்ணை விட்டுப் போகவே இல்லை. பெரியப்பாவின் முகம் நைனாவின் முகமாக மாறி மாறி வந்தது. ஒன்பதேகாலுக்கு போன் அடித்தது.

"கெடச்சிட்டாரு. மாபலிபுரம் பஸ் ஸ்டாண்டுல குந்தினு மல்லாட்ட உரிச்சித் துன்னுகினு கீறாரு. இங்க எப்டி வந்தாருன்னே தெரில. முத்திப்போச்சி பாப்பா." அண்ணன் அழுதுகொண்டிருந்தான். போனை நைனாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"ரிங்கு வந்துச்சா?" இதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"இன்னா ரிங்கு நைனா?"

"அஞ்சி மணிக்கி வுட்டேன்ல. இங்க வெள்ளக்காரனுங்க டெய்லி அவுங்க ஊருக்குப் பேசற பூத்து கீது. அவுங்களுக்குத்தான அந்த ஊரு சத்தம் தெரியும்? அதான் இங்க வந்தேன். ஒரு ரிங்கு வுட்டு வச்சிடுப்பான்னேன். என் காதுலயும் வச்சிக் கேட்டேன். நீட்டா அடிச்சிதுமா. மொதல்ல அடிக்குமே, அதே மாரி. நம்ம வூட்டுப் போன்லதான் ரெட்டயா அடிச்சிது. நா பொய் சொல்லல."

ஏழரைக்கு ஒரே ஒரு ரிங்கு வந்தது உண்மை என்று அவரிடம் சொன்னேன். "கேட்டியாடா?" என்று அண்ணனிடம் அவர் சொல்வது கேட்டது. போனை வாங்கி அண்ணன், "நீயும் அவருக்கு ஒத்து ஊதாத" என்றான். ஆனால் எனக்குள் வேறு என்னவோ ஓட ஆரம்பித்துவிட்டது. அதே மனுஷன், அதே நேரம், அதே எண். வேறு போனிலிருந்து அடித்தால் வருகிறது. தினமும் அடிக்கிற போனிலிருந்து அடித்தால் வரவில்லை. நீட்டா. ரெட்டயா.

7

திங்கட்கிழமை மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் சோதனை அறைக்குப் போனேன். எங்கள் பெட்டி கொடுக்கிற பொய் மணியைக் காதில் வைத்துக் கேட்டேன். டிரிங்-டிரிங். டிரிங்-டிரிங். அழைக்கிறவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள், அவர்களுக்குப் பழகிய சத்தமாக இருக்கட்டும் என்று அந்த இரட்டை மணியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அடுத்து அந்தப் பட்டியலைத் திறந்தேன். உள்ளடக்கம் இல்லாதவை. படாளம் வீட்டு எண் அங்கே இருந்தது. ரிங்கு வராத ஒவ்வொரு நாளும், ஐந்து மணி, ஐந்து மணி இரண்டு நிமிடம், நாலு ஐம்பத்தெட்டு. ஒருநாளும் அவர் மறக்கவில்லை.

நடைபாதையில் நின்றுகொண்டே கேளம்பாக்கத்துக்குப் போன் செய்தேன். நைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தப்பு என்னுடையது, நான் எழுதிய ஒன்றுதான் உங்கள் ரிங்கை நடுவில் நிறுத்தியது என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனுக்காவ சொல்ற. வுடு கண்ணு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ் ஸ்டாண்டில் இருந்த வேகம் ஒரே ராத்திரியில், ஒரு மாத்திரையில் அடங்கிப்போயிருந்தது.

"இல்ல நைனா. எல்லாம் எழுதிக் கீது இங்க. படிக்கிறேன் கேளுங்க" என்று தேதி தேதியாகப் படித்தேன். "பதினொண்ணாந்தேதி மூணு தபா அடிச்சிருக்கீங்க."

"அது நீ கத்தனியே, அன்னிக்கி. நா வச்சப்புறம் ரெண்டு தபா அடிச்சிப் பாத்தேன்" என்றார். பிறகு, "அப்ப எங்கண்ணனுக்கு வந்தது எனுக்கு வர்லியா?"

"இல்ல நைனா."

அம்மா போனபோதுகூட அழாத மனுஷன் அழுகிற சத்தத்தை முதல்முறையாகக் கேட்டேன். அண்ணன் போனை வாங்கினான். அவனுக்குச் சொல்லி முடித்தபோது, "அந்த மாடுங்கள எங்கன்னு போயி தேடுவேன் நானு?" என்று மட்டும் கேட்டான். திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது.

இனி என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை வாடிக்கையாளர் முன்னிலையில் எங்கள் பெட்டியை ஓட்டிக் காட்ட வேண்டும். நிரந்தரக் குடியுரிமைக்கான என் விண்ணப்பம் கம்பெனிக் கடிதத்துக்காகக் காத்திருந்தது. திங்களன்று தெரிந்ததை ஆபீஸில் வியாழக்கிழமைதான் சொன்னேன். அந்த மூன்று நாளும் அந்தப் பட்டியலில் மற்ற எண்கள் விழுந்துகொண்டே இருந்தன. எந்த ஊரில் எந்தப் பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததோ. வெட்கமாக இருக்கிறது.

கிரெக் கெட்டவர் இல்லை. "அவர்கள் போனை எடுத்துப் பேசலாமே?" என்றார். நான் விளக்கினேன். அவர் நீண்ட நேரம் யோசித்துவிட்டு அந்த விதியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்த பிறகு பார்த்தால், அது மிச்சப்படுத்தியது ஒன்றும் பெரிதில்லை. சினிமாக்களுக்கு நேர்ப்பாதை கொடுத்ததில்தான் லாபமெல்லாம். என் கடிதம் வந்தது, குடியுரிமையும் வந்தது. கேக் வெட்டினார்கள்.

8

தைக்கு முன்னாலேயே நைனா படாளத்துக்குத் திரும்பிவிட்டார். டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். மாடுகள் கிடைக்கவில்லை. அண்ணன் ஒரு கன்றுக்குட்டி வாங்கி விட்டான். அவனுடைய சட்டத்தை அவனே ரத்து செய்துவிட்டான். "இனிமே அவர யாரும் எதுவும் கேக்கக்கூடாது" என்று எனக்குக் கட்டளை. நைனா கேட்காமலேயே ஐந்து மணிக்கு ரிங்கு விடுகிறார். நிலா "தாத்தா!" என்கிறாள். டீச்சரிடமிருந்து திரும்பிய அன்று, இந்தக் கதையை அவளுக்குப் பாதி தமிழில் சொல்ல முயன்றேன். பெட்டிகள் வரும் இடத்தில் தூங்கிவிட்டாள்.

போன செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு ரிங்கு வரவில்லை.

முன்பென்றால் உடனே அழைத்திருப்பேன். இப்போது கேட்கவே பயம். எட்டு மணி வரை பார்த்தேன். நிலாவைப் பள்ளியில் விட்டேன். ஆபீஸுக்குப் போய் முதல் வேலையாக அழைப்புப் பட்டியலைத் திறந்தேன். விதியை எடுத்துவிட்டோமே தவிர, பெட்டி இன்னும் அதே தடத்தில்தான் இருக்கிறது. அதன் வாசலுக்கு வருகிற ஒவ்வொரு அழைப்பும், போனாலும் போகாவிட்டாலும், பதிவாகும். என் பெட்டியே மறுபடி குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று சாமியை வேண்டிக்கொண்டே தேடினேன். திங்கட்கிழமை ஐந்து மணி இருந்தது. ஞாயிறு இருந்தது. சனி இருந்தது. செவ்வாய் இல்லை. ஐந்து மணிக்கு முன்னும் பின்னும் பார்த்தேன். அந்த எண்ணிலிருந்து எதுவும் வரவில்லை.

போன் செய்தேன். மூன்றாவது மணியில் எடுத்தார்.

"இன்னாமா, ஆபீஸ்லேந்தா?"

"சும்மாதான் நைனா. கன்னுக்குட்டி எப்டி கீது?"

"அது கீது, துள்ளிகினு. ரிங்கு வந்துச்சில்ல? அஞ்சி மணிக்கி டாண்ணு வுட்டேன்."

பட்டியல் என் முன்னால் திறந்தே இருந்தது. அவரை நம்பாமல் இருக்கிற உரிமையை நான் போன வருடமே செலவழித்துவிட்டேன்.

"வந்துச்சு நைனா" என்றேன்.

"அப்டி சொல்லு" என்றார். குரலில் அவ்வளவு நிம்மதி. அண்ணனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.